அலமாரியில் மூன்று நரிகள்

நரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் கைகூடும் என்பதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அன்று காலை நான் ஆபீசில் துரையைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை வேலை கேட்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தோட்டங்களில் என் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்த முறை நரியின் முகத்தை நம்புவதென்று முடிவெடுத்தேன்.

நரிக்கு எங்கே போவது? காட்டில் ஊளை கேட்கும், ஆள் அகப்படாது. பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் அக்கா புருஷன்தான் வழி சொன்னார்.

"ஏன் மச்சான் காட்டுல அலையிறீங்க? துரைசானி அலமாரியில மூணு நரி தொங்குது. தல, வாலு, கண்ணாடிக் கண்ணு எல்லாம் இருக்கு. குளிருக்குக் கழுத்துல போட்டுக்குவாங்க. செவப்பு, வெள்ள, கறுப்பு. எது வேணும்?"

விடியும்போது கண்ணைத் திறக்காமலே எழுந்து துண்டால் கட்டிக்கொண்டேன். மச்சான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கொழுந்து பறிக்கப் போகக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"என்னாண்ணே, அவருக்குக் கண்ணு நோவா?"

"இல்ல தாயி. கணக்கப்பிள்ள வேலை கேக்கப் போறாரு."

"இப்பவே கண்ணக் கட்டிக்கிட்டாரா? அப்ப கெடச்சிரும்."

தான் சமைக்கும் பங்களா குசினியில் என்னை நிறுத்திவிட்டு மச்சான் மூன்றையும் எடுத்து வந்தார். எனக்குக் குழப்பம். இதில் எது நம் காட்டு நரிக்குச் சொந்தம் என்று கேட்டேன்.

"எதுவா இருந்தா என்ன மச்சான்? துரையோட அல்சேஷனும் லயத்து நாயும் ஒண்ணு மாதிரியா இருக்கு? ரெண்டும் சேந்து போன மாசம் குட்டியே போட்டுச்சே. அது மாதிரி எல்லா நரியும் ஒரே நரிதான்."

"அப்படி இல்லை," என்றது இன்னொரு குரல்.

துண்டை உருவினேன். நான் விழித்தது துரையின் முகத்தில்.

அல்சேஷன் சமாசாரம் அவருக்குப் புதிது போலும். ஆனாலும் கோபப்படாமல் விஷயத்தைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் தோல்களைப் பரப்பினார்.

"நாய் எல்லாம் ஒரே சாதி. பெரிசு, சின்னது, சடை எல்லாம் மனுசன் பழக்கி உண்டாக்கினது. ஒண்ணுக்கு ஒண்ணு கட்டிக் குடுக்கலாம். நரி அப்படி இல்லை. இந்தக் கறுப்பு, செவப்போட தம்பி; ரோமம் மட்டும் வேற. வெள்ளை பனி நாட்டு ஆள், வேற சாதி. உங்க காட்டு நரி இந்த வீட்டு ஆளே இல்லை. அது நாய்க்குத்தான் கிட்டத்துச் சொந்தம்."

"அப்ப நாய் முகத்துல முழிச்சிருந்தாலே போதுமாங்க?"

உண்மையான சந்தேகத்தில்தான் கேட்டேன். துரை தோல்களைச் சுருட்டி மச்சானிடம் கொடுத்தார். பிறகு, ஆபீசுக்கு வர வேண்டாம், பங்களா நாய்களைக் குளிப்பாட்டி உலாத்தக் கூட்டிப்போக ஒரு ஆள் தேவை, நாளைக்கே வந்துவிடு என்றார்.

கணக்கப்பிள்ளை வேலை, பெண்டாட்டி முகத்தில் விழித்துவிட்டு வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போனது. மறுநாள் அல்சேஷன் என்னை பாக்டரி வரைக்கும் உலாத்தக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது.