கொல்லையில் கொளுத்திய வங்கிக் கடிதங்கள்

வருமான வரித்துறையிலிருந்து அந்தச் செய்தி போனில் வந்தபோது காரைக்கால் கோவில்பத்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வெளிநாட்டில் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, வரிப் படிவத்தில் அது இல்லை, சரிபார்க்கவும் என்றிருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு மறுபடி மறுபடி படித்தேன்.

கணக்கு இருந்தது உண்மை. அப்பா வழியில் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தபோது, மகளின் மேற்படிப்புக்காக என் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கியிருந்தேன். ஊர் திரும்பி, பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், "வெளிநாட்டுல கணக்கு ஏதும் இருக்காம்மா?" என்று வருடா வருடம் ஆடிட்டர் கேட்பார். இல்லை என்றே சொல்லிவந்தேன். பிள்ளை படிப்புக்கு வைத்தது, இங்கே யாருக்கு என்ன என்று நினைப்பு.

கணவரிடம் சொல்லவில்லை. அபராதம், ஜெயில் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். வாசலில் பைக் நின்றாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் யாருமில்லாத நேரத்தில், பிரான்சு வங்கிக் கடிதங்களைக் கொல்லைக்கு எடுத்துப்போய்க் கொளுத்தினேன். பாதி எரியும்போது மகள் வந்து நின்றாள். அன்று அவளுக்கு அரை நாள் பள்ளி. மறந்தே போயிருந்தேன்.

"என்னம்மா எரிக்கிற?"

சொன்னேன்.

"என் படிப்புக்குத்தானே போட்டே? என்னையும் புடிச்சிட்டுப் போவாங்களாம்மா?"

அதற்குமேல் வீட்டில் இருக்க முடியவில்லை. தலத்தெருவில் இருக்கும் ஆடிட்டரிடம் ஓடினேன்.

"எரிச்சிட்டீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "எந்த வருஷம் எவ்வளவு இருந்திச்சு, எவ்வளவு வட்டி வந்திச்சுன்னு அத வச்சுத்தாங்க காட்டணும்." பிறகு தணிந்து, "பேங்குக்கு எழுதிக் கேளுங்க. இந்த வருஷப் படிவத்தைத் திருத்திப் போட இன்னும் நாள் இருக்கு" என்றார்.

"பழைய வருஷமெல்லாம்?"

"நோட்டீஸ் வந்தா பதில் சொல்லித்தான் ஆகணும். வராதுன்னு நான் சொல்ல முடியாதுங்க."

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மூணு நாளா ஒண்டியா வச்சுக்கிட்டு அலைஞ்சியா?" என்று மட்டும் கேட்டார்.

வங்கி மறுபடி விவரம் அனுப்பியது. கணக்கைக் காட்டி, வட்டிக்கு வரியும் கட்டித் திருத்திய படிவம் போட்டோம். பழைய வருடங்களுக்கு இதுவரை எதுவும் வரவில்லை. தபால்காரர் தெருவுக்குள் வந்தால் இன்னும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

இந்த வருடம் மகள் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். பிரான்சுக்கும் போடு என்றேன்.

"அந்தப் பணத்தத் தொடவே எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.