தறிக்கூடத்தில் பூந்தி

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் மே மாதத்தில் கதவைத் திறப்பதில்லை. வெளிக்காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை அறும். தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, புழுங்கியபடி நெய்வார்கள். அலர்மேல்மங்கை முப்பது வருடமாக அப்படித்தான் நெய்கிறாள்.

போன வருடம் வெயிலில் விழுந்து கிடந்த தெருநாயை அவள்தான் தூக்கிவந்து கூடத்தின் ஈரத் தரையில் கிடத்தினாள். மேலே ஈரச் சாக்கைப் போர்த்திக் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரத்தில் அது செத்துப்போனது. விதி என்றார் கணவர் பாலசுந்தரம். அவளுக்கு அது போதவில்லை.

புத்தூர் போனபோது கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கின் ஈரம் காய்ந்துதான் சூடு இறங்கும் என்றார்கள். வீடு திரும்பியதும் கூடத்துக் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் போட்ட துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. இங்கே எதுவும் காயாது. வெயிலிலிருந்து தூக்கிவந்து புழுக்கத்தில் கொன்றிருக்கிறோம்.

செத்த நாயின் குட்டி பூந்தி. இந்த மே மாதம் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு அது தள்ளாடி வந்து வாசலில் விழுந்தது. ஈறு செங்கல்போல் சிவந்திருந்தது. கண் நிலைகுத்தி நின்றது. வாசலில் நிழல் இல்லை. வீட்டின் ஒரே மின்விசிறி தறிக்கூடத்துச் சுவரில் இருந்தது. அலர்மேல்மங்கை பூந்தியை உள்ளே தூக்கிப்போனாள். பாலசுந்தரம் பழக்கத்தில் கதவைச் சாத்தினார்.

அவள் எழுந்து இரண்டு பக்கக் கதவையும் திறந்தாள். ஜன்னல் சாக்குகளை இழுத்துப் போட்டாள். விசிறியைச் சுழலவிட்டு, தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு நாயின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

காற்று பாவின்மேல் போனது. கால் மணி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தறியில் இழைகள் அறத் தொடங்கின. மறுநாள் காலை வியாபாரியின் வண்டி வரும். இன்னும் பன்னிரண்டு துண்டு பாக்கி.

"பைத்தியமா புட்ச்சிக்கிச்சு உனக்கு? பாவே போய்க்கினு கீது பாரு."

"போவட்டும். அறுந்தத முடி போட்டுக்கலாம்."

"நாய்க்கோசரம் நைட்டெல்லாம் முடி போடுவியா?"

"போடுவேன். கதவ தொட்டே, அப்புறம் நீயே துன்ன சமச்சிக்க."

அவர் தறியை நிறுத்தினார். நாயைப் பற்றி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவளருகே வைத்துவிட்டு, பாவின் முன்னால் உட்கார்ந்து அறுந்த முனைகளைத் தேட ஆரம்பித்தார்.

ஊற்றினாள். முதல் குடம் தீர்ந்தது. வயிற்றின் துடிப்பு மெல்ல மெல்ல நிதானப்பட்டது. நாலு மணி வாக்கில் பூந்தி தலையைத் தூக்கி, அவள் வைத்த கிண்ணத்துத் தண்ணீரை நக்கியது. வாய் நனையுமளவு குடிக்க விட்டு, கிண்ணத்தை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தாள். பிறகு பாவுக்கு மறுபுறம் போய் உட்கார்ந்து அவளும் முடி போட்டாள்.

பூந்தி எழுந்து நாலு அடி நடந்தது. காற்று வரும் நிலைப்படியின் குறுக்கே படுத்துக்கொண்டது. இனி கதவைச் சாத்த முடியாது.