வெள்ளையம்மாவின் புளியும் எங்கள் தெரு குரூப்பும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஒரு சமூக சேவை செய்தேன். மொட்டை மாடியில் நின்றபடியே, ஒற்றைக் கட்டை விரலால்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம். என் கணவருக்கு வேலை மாற்றலாகி நாங்கள் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. தெருவில் பாதிப் பேர் மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பங்கள். மீதிப் பேர் எங்களை மாதிரி கீழேயிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். எதிர்ப்பட்டால் சிரிப்போம். 'சாப்டீங்களா' என்போம். பதிலுக்கு நிற்க மாட்டோம்.

இது போதுமா? அக்கம்பக்கம் என்றால் ஒரு பிணைப்பு வேண்டாமா? எனக்குத்தான் எதையும் சும்மா விட முடியாதே... உங்களுக்குத் தெரியும். பொங்கலன்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். பெயர், 'ஒரே தெரு ஒரே குடும்பம்'. அட்மின்? வேறு யார், நான்தான்.

குரூப் அமோகமாக நடந்தது. பொழுது விடியுமுன் ரோஜாப்பூ வந்துவிடும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படமாகக் குவியும். முன்பாவது வழியில் பார்த்தால் 'சாப்டீங்களா' இருந்தது. இப்போது அந்தத் தொல்லையும் இல்லை. அதான் காலையிலேயே குட்மார்னிங் சொல்லியாகிவிட்டதே.

ஒரே ஒரு ஆள்தான் இடைஞ்சல். கோவிந்தசாமி. மூன்று வீடு தள்ளி இருக்கிறார், லோடு வண்டி ஓட்டுகிறார். ரோஜாப்பூவெல்லாம் போடமாட்டார். ஒருநாள் தெருவில் ஓடும் தண்ணீரைப் படம் பிடித்துப் போட்டு, 'இது யாரு வூட்டுத் தண்ணி? ரோடு வழுக்குது' என்று கீழே எழுதியிருந்தார். யார் வீட்டுத் தண்ணீர் என்று நானும் ஆவலோடு பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் சமையலறைத் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து நேரில் சொல்லக் கூடாதா? தெரு விஷயத்தையெல்லாம் குரூப்பிலா பேசுவது? (அப்புறம் குரூப் எதற்கு என்று கேட்காதீர்கள்.) மறுநாளும் அதே படம். மூன்றாம் நாள் அவரை நீக்கிவிட்டேன். 'தெருவின் ஒற்றுமை கருதி' என்று ஒரு வரியும் போட்டேன். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

இனி, செவ்வாய்க்கிழமை.

தெருக்கோடியில் வெள்ளையம்மாவின் வீடு. அவரிடம் இருப்பது பட்டன் போன், அதனால் குரூப்பில் இல்லை. அவருக்கு நான்கு புளியமரங்கள். இந்த வருடம் நல்ல காய்ப்பு. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்து, தெருவுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் காயப் போட்டிருந்தார். அந்த வீடு வருடம் பூராவும் நம்பியிருப்பது அதைத்தான். நனைந்தால் போச்சு. கறுத்து, பூசணம் பிடித்துவிடும். சந்தையில் வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்.

அன்று காலை வீட்டுக்காரரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் கேட்டருகே நின்றார்.

"மேடம், இவருக்குக் கண்ணு காட்ட திருப்பத்தூர் போறோம். பாறை மேல புளி கீது. மானம் ஒரு மாதிரி கீது. மழ வந்தா கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? தார்ப்பாயி அங்கியே வச்சிக்கிறேன். இஸ்து மூடிட்டா போதும்."

"கவலையே படாதீங்க. நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றேன்.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். எங்கள் தெருவில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, மாடியில்தான் கிடைக்கும். எல்லா மாடியிலும் ஆட்கள், எல்லோர் கையிலும் துணி. அப்போதுதான் புளி ஞாபகம் வந்தது. என் மாடியிலிருந்து பார்த்தால் பாறை தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம்.

துணியை உள்ளே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். செய்தேனா? குரூப்பில் போட்டேன். 'வெள்ளையம்மா அக்கா ஊரில் இல்லை. பாறையில் அவர்கள் புளி. மழை வருகிறது. யாராவது உடனே கவனிக்கவும்!!!'

எதிர் மாடி ரேவதி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஒரு கட்டை விரல் அனுப்பினார். அடுத்த மாடியிலிருந்து ஒரு கும்பிடு வந்தது. அதற்கடுத்து 'பாவம்' என்று ஒரு அழுகை முகம். பதினோரு பேர். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கீழே இறங்கி டீ போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. மலையில் கோடை மழைக்குச் சொல்லவா வேண்டும்? டீயை வாயில் வைக்கும்போதுதான் சுருக்கென்றது. அந்த 'யாராவது' யார்?

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாயந்திரம் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

பாறையில் தார்ப்பாய் விரிந்திருந்தது. இரண்டு மூலையில் கல். மூன்றாவது மூலையின் மேல், சொட்டச் சொட்ட நனைந்தபடி, கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். நான்காவது மூலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த மூலைல குந்துங்க மேடம்," என்றார்.

குந்தினேன். குடை நிற்கவில்லை, மடக்கி வைத்துவிட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. மழ வர்ற மாதிரி இருந்துச்சு, வந்தேன்."

"நான் குரூப்புல போட்டேனே..."

"அதுலருந்துதான் என்னைத் தூக்கிட்டீங்களே," என்று சிரித்தார். "ஒருவேள பாத்திருந்தா, யாரோ போவாங்கன்னு நானும் வூட்லயே இருந்திருப்பேன்."

அரைமணி நேரம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். சமையலறைத் தண்ணீரைப் பற்றி அவரே பேச்செடுத்தார். பின்பக்கம் குழி எடுத்து விட்டால் வாழைக்குப் போகும், கடப்பாரை தன்னிடம் இருக்கிறது என்றார். இதற்கு இரண்டு நாள் படம் போட்டாரே மனிதர். இதற்கு நான் ஒரு மனிதரையே நீக்கினேனே.

பாறைமேல் சிக்னல் பிரமாதம். போன் சிணுங்கியபடியே இருந்தது. 'சூப்பர் மேடம்.' 'நம்ம தெரு மாதிரி வருமா.'

மழை விட்டபிறகு, ஐந்து மணி பஸ்ஸில் இறங்கி, வீட்டுக்காரரை வீட்டில் விட்டுவிட்டு வெள்ளையம்மா ஓடிவந்தார். மலையேறும் வழியெல்லாம் மழையைப் பார்த்து அழுதிருக்கிறார், கண் சிவந்திருந்தது. தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கைவிட்டார். ஒரு உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"நனையல," என்றார். மறுபடியும், "நனையல." அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு மூடுனது?"

கோவிந்தசாமி என்னைக் கை காட்டினார். "மேடம்தான். குரூப்புல போட்டாங்களாம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா. எனக்குக் கூசிப்போயிற்று. அப்புறம் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் மறுநாள் எனக்கும் ஒரு பை புளி வந்தது. அந்தப் புளியில் வைத்த ரசம் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தசாமி கடப்பாரையோடு வந்தார். குழி எடுத்தாகிவிட்டது. இப்போது ரோடு வழுக்குவதில்லை.

அவரை மறுபடி குரூப்பில் சேர்த்தீர்களா என்று கேட்பீர்கள். சேர்க்கவில்லை. இன்னும் ஐந்தாறு மழை பாக்கி இருக்கிறது... தெருவில் ஒரு ஆளாவது குரூப்பில் இல்லாமல் இருக்க வேண்டாமா?