உலக்கை விழும்வரை

எங்கள் ஊரில் கிரகணம் சூரியனையும் சந்திரனையும் மட்டும் பிடிப்பதில்லை. வெங்காயம் அழுகினால் தோட்டத்தைப் பிடித்த கிரகணம். மகனுக்குக் கனடா விசா கிடைக்காவிட்டால் குடும்பத்தைப் பிடித்த கிரகணம். மேடை ஏறுகிறவர்கள் இனத்தைப் பிடித்த கிரகணம் என்று முழங்கிவிட்டு, இறங்கி வந்து சோடா குடிப்பார்கள். சொல் இப்படி மலிந்து கிடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புத்தூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அப்போது மாமி, என் கணவர், அவருடைய தங்கையான மச்சாள், நான். நான் நிறைமாதம். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு அடுத்த நாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. நடு இருண்டு, சுற்றிவர வளையமாக எரியும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மச்சாளும் ஒரு கறுப்புக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் அது ஆகாது. பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும், கத்தி பிடித்தால் விரல் குறையும்.

மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு என்பதோடு விட்டுவிடுவார்கள். மாமி யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, அறையை வெளியே பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிமிந்து படு பிள்ளை. ஒரு இடமும் சொறியாதை. உலக்கை விழுந்த உடனை திறந்து விடுவன்."

கிரகணம் பிடித்ததும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிமிர்த்தி வைப்பார்கள். கிரகணம் இருக்கும்வரை அது பிடியில்லாமல் நிற்குமாம், விட்டதும் தானாக விழுமாம். அடி தட்டையான உலக்கை எந்த நாளும்தான் நிற்கும். ஆனால் எந்த நாளும் யார் அதை நிறுத்திப் பார்க்கிறார்கள்? மாமி நிறுத்திய உலக்கையைப் பார்க்க அயல் சனம் முற்றத்தில் கூடிவிட்டது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது எனக்கு நோ எடுத்தது. கிரகணம் முற்றியதும் ஓட்டு இடுக்குகளால் விழுந்த வெயில், சூரியன் நின்ற அதே கோலத்தில், சீமெந்து நிலத்தில் சின்னச் சின்ன வளையங்களாகக் கிடந்தது. ஒரு வளையம் என் வயிற்றின்மேல். அழகாக இருக்கிறதே என்று அந்த வலியிலும் நினைத்தேன். பிறகு தண்ணீர் உடைந்தது.

கதவில் ஓங்கி அடித்தேன். "இஞ்சருங்கோ, தண்ணி உடைஞ்சிட்டுது. திறவுங்கோ!"

கணவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். "கொஞ்சம் பொறும். அம்மாட்டைக் கேக்கிறன்."

கேட்டார். முற்றத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "தலைப்பிள்ளை உடனை வந்து விழாது. நானும் ரண்டு பெத்தனான்."

மைதானத்திலிருந்து கைதட்டல் கேட்டது. நான் நிலத்தில் முழங்காலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல வெயில் திரும்பியது. நிலத்தில் கிடந்த வளையங்கள் பழையபடி நிறைந்த பொட்டுகளாகின. கிரகணம் முடிந்துவிட்டதாக டீவியில் சொல்கிறார்கள் என்று கணவர் முற்றத்தில் போய்ச் சொன்னார்.

"டீவிக்காரனுக்கு என்ன தெரியும்? உலக்கை நிக்குதெல்லே."

நின்றது. அத்தனை பேரில் ஒருவர் காலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். என் கணவர் தட்டியிருக்கலாம். வெங்காய மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிற மனிதருக்கு அந்த உலக்கை மட்டும் மலையாகிவிட்டது. கடைசியில் தாம்பாளத்தில் தண்ணீர் குடிக்க வந்த கோழி தட்டி அது விழுந்தது. அந்த வீட்டில் என் பிள்ளைக்கு உதவிய ஒரே சீவன் அந்தக் கோழிதான்.

கதவைத் திறந்தும் ஆட்டோவில் ஏற்றவில்லை. கிரகணத் துடக்கோடு, தீட்டுக் கழியாமல் படலை தாண்டக்கூடாதாம். கிணற்றடிக்கு நடத்திக் கொண்டுபோய், வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிய பிறகுதான் வெளிக்கிட விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. கொப்பூழ்க்கொடி முன்னுக்கு இறங்கி நெரிபட்டுவிட்டது, முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். கணவர் தலையைக் குனிந்தபடி "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றார்.

அன்று கட்டிலில் கிடந்து அழுதபடி, அந்த வெயில் வளையங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அவர் அதை அப்படியே கொண்டுபோய்த் தாயிடம் ஒப்படைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு மாமி வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார்.

"நான் பூட்டித்தான் வைச்சனான். இவள் கிரகணத்தைப் பாத்திட்டாள். வயித்திலையும் விழவிட்டவள்."

அதற்குப் பிறகு நானே கிரகணம். மாடு பால் மறுத்தாலும் நான்தான், வெள்ளம் வந்து வெங்காயத்தைக் கொண்டுபோனாலும் நான்தான்.

மூன்று வருடம் கழித்து, தீபாவளிக்கு அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம், இன்னொரு சூரிய கிரகணம். இந்த முறை மச்சாள் தலைப்பிள்ளைக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அறையை யாரும் பூட்டவில்லை. கிரகணம் பிடித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நோ எடுத்தது. தண்ணீர்கூட உடையவில்லை.

மாமி தலைமுடி அவிழ ஒழுங்கைக்கு ஓடினார். "ஆட்டோவைக் கூப்பிடுங்கோ! கெதியா!"

பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்று கேட்டாள்: "கிரகணம் விடட்டுமன். பிள்ளைத்தாச்சியை இப்ப வெளியிலை எடுக்கிறியளோ?"

"கிரகணமும் மண்ணாங்கட்டியும்! பிள்ளையெல்லே முக்கியம்!"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைந்தது குடமாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மச்சாளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். அவள் என் கையை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஏறி உட்கார்ந்தேன். மறுபக்கத்தால் ஏறிய மாமி அப்போதுதான் என்னைக் கண்டார்.

"நீ இறங்கு. நல்ல காரியத்துக்குப் போறம். கிரகணத்தைப் பக்கத்திலை இருத்திக்கொண்டு போகேலாது."

மச்சாள் கையை விட்டாள். நான் இறங்கினேன். பனைகளுக்குப் பின்னால் சூரியன் கடித்து வைத்த தோசை போல இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே ஆட்டோ போனது.

கொடிகாமம் சந்தையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போன கணவர், விளக்கு வைத்த பிறகு எனக்குப் போன் எடுத்தார். ஆண் பிள்ளையாம், தாயும் பிள்ளையும் சுகமாம். "சந்தோஷம்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. மாமி மீதும் மூன்று வருடமாக முழுக் கோபம் வைத்திருக்கவில்லை. படிக்காத மனுசி, பயத்தில் செய்துவிட்டார், அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பானையில் சாப்பிட்டு வந்தேன். அந்த ஆறுதலையும் அன்று பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் மகள் செய்த ஒரே பிழை, அவருடைய மகளின் வயிற்றில் வந்து உருவாகாததுதான்.