செருப்பு கட்டிய மரம்

கிள்ளானில் மாமியார் வீட்டு நட்சத்திரப் பழ மரம் காய்க்காமல் பூத்துப் பூத்து உதிர்ந்தது. திருஷ்டி கழியட்டும் என்று மாமியார் அதில் பழைய செருப்பைக் கட்டினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் தமயந்தியின் காதுபட, "பிள்ளை பெறாதவ கை பட்டா மரம் எப்படிக் காய்க்கும்?" என்றார்.

தாவர ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை அறுத்தெடுத்தாள். ஒரு பூவைப் பிய்த்து நீட்டினாள்.

"இந்த மரத்துப் பூவுல நடுத்தண்டு நீளம். ஜீனும் ஹார்மோனும் சேர்ந்து அப்படி வளர்த்திருக்கு. தன் மகரந்தத்தையே இது ஏத்துக்காது. குட்டைத்தண்டுப் பூ பூக்குற இன்னொரு மரம் பக்கத்துல வேணும். மரத்துல ஒரு குறையும் இல்ல அத்தை. எனக்கும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க மகன்தான் இன்னும் டெஸ்டுக்கே போகல. இந்தாங்க செருப்பு, அவரு கழுத்துல கட்டுங்க."