‘எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்!’

இந்த ஒரு வரியைச் சொல்லி வியாபாரம் செய்கிறவர்கள் மேல் கேஸ் போட ஏதாவது சட்டம் இருக்கிறதா? வக்கீல் வாசகர்கள் யாராவது எழுதுங்களேன். செம கடுப்பில் இருக்கிறேன்!

என் மனைவி கலா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். பார்டர், முந்தானை எல்லாம் வீட்டு கம்ப்யூட்டரில்தான். போன வாரம் டிசைன் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்டாள். அன்றிலிருந்து முந்தானையைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே திரை அப்படியே நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம் என்றால், புதியதில் போட்ட டிசைன் அதில் திறக்காதாம்!

அவசரமோ கழுத்தை நெரிக்கிறது. தறிக்கு மேலே, டிசைனைப் புடவையில் விழவைக்கும் ஜக்கார்டு மெஷினை மாட்டித் தரும் காதர் பாய், ஓரிக்கையில் ஒரு தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார். கலாவுக்கு வந்த முதல் கல்யாணப் புடவை ஆர்டர். வெள்ளிக்கிழமைக்குள் டிசைன் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே அந்தத் திருவாக்கை அருளினார்... ‘எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்!’

கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சிபியுவைத் திறந்தால், கார்டு முழ நீளம். ஹார்ட் டிஸ்க்கில் போய் இடிக்கிறது. அதைக் கழற்றி நகர்த்திச் செருகினால், கார்டு தனியாக ஒரு பவர் வயர் கேட்கிறது. எங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸில், அதுதான் மொத்தப் பெட்டிக்கும் கரன்ட் கொடுப்பது, அப்படி ஒரு வயரே இல்லை!

டிசைன் என்ன ஆயிற்று என்று கேட்க வந்த காதர் பாய் பார்த்துவிட்டார்.

“இன்னாண்ணே இது? புது ஜக்கார்டு ஏத்தணும்னா நாங்க கூரை ஒசரம் பாப்போம், தறிக்கால் தாங்குமான்னு பாப்போம். அப்புறம்தான் வண்டியிலேருந்தே எறக்குவோம். நீங்க அளந்தே பாக்கலியா?”

“கடைக்காரன்தான பாய் சொல்லணும்!” என்று கத்தினேன்.

தெரியாமல்தான் கேட்கிறேன்... செருப்புக் கடையில்கூட கால் சைஸ் கேட்கிறார்கள். பெட்டி எவ்வளவு நீளம், எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட், போர்டில் என்ன ஸ்லாட் என்று மூன்று கேள்வி கேட்டால் வாயா வலிக்கும்? விற்றால் போதும் என்கிற அலட்சியம் அல்லாமல் வேறென்ன?

சிபியுவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, கலாவோடு கடைக்குப் போனேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜூஸ் கடைக் கூட்டமே எட்டிப் பார்த்தது.

கடைக்காரர் அசரவில்லை. போனை நீட்டினார். “சார், எஸ்.எம்.பி.எஸ் லேபிள போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன்ல? நீங்க அனுப்பிச்சது இதான். பாருங்க.”

அட, ஆமாம்! கடையில் நின்றபடி, பழைய ஆல்பத்தில் இருந்த ஒரு போட்டோவை நானேதான் அனுப்பினேன். அதில், லேபிளில் வாட் அச்சடித்திருக்கும் இடத்தில் சரியாக... கெட்டியான சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்குத் தறியில் பலகை, நாடா என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்கிற ஊர் இது. நானும் வருடாவருடம் சிபியுவைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருக்கும் அத்தனைக்கும் பொட்டு வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்வேன். பக்தி சிரத்தையாக!

கலா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கொண்டுபோன சிபியுவைத் திறந்து, லேபிளில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த வாட், அந்தக் கார்டுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை.

கோபம் தணிந்ததா? இல்லை! வாட்டே தெரியாத போட்டோவைப் பார்த்து ‘செட் ஆகும்’ என்று எப்படிச் சொல்லலாம்? அதையும் கேட்டேன். ஆனால் குரல்தான் முன்புபோல எழும்பவில்லை.

கலா கடைக்காரரிடம் விரலால் ஜாண் அளந்து காட்டினாள். “தனி பவர் வயர் கேக்காத கார்டு குடுங்க. இதுக்கு மேல நீளம் இருக்கக் கூடாது. இங்கியே மாட்டி, ஓட்டிக் காட்டுங்க.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, முனகாமல் மாற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை டிசைன் போய்விட்டது. ஓரிக்கையில் தறி ஓடுகிறது.

வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நான் தொடக் கூடாது என்று வீட்டில் தடையுத்தரவு!