கயிற்றுக்குள் பிலிப்பைன்ஸ்

பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சீட்டுக் குலுக்கியபோது எங்கள் வகுப்புக்குப் பிலிப்பைன்ஸ் விழுந்தது. பக்கத்து வகுப்புக்கு ஜப்பான். எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவர்களுக்கு விசிறி, வண்ணக்குடை. எங்களுக்கு நூலகத்துப் பழைய புத்தகத்தில் ஒரேயொரு படம். குடிசை வாசலில் அரைத்துணியோடு சிலர் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு வெளியே தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள்.

அச்சொட்டாக அப்படியே செய்தோம். தென்னங்கிடுகில் குடிசை, முகத்தில் கரி, முன்னால் கிணற்றுக்கயிறு, கயிற்றுக்குள் நாங்கள். படத்தையும் பிரதி எடுத்து ஒட்டினோம். அந்த நாட்டில் கயிறுதான் வேலி என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வேலிச் சண்டைக்கு வழக்குப் போட்டுக் கோடேறும் ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

மாமா அப்போது, போர் முடிந்து வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனத்தில் சாரதி. அவருடைய மேலதிகாரி பிலிப்பைன்ஸ் பெண்மணி. "அசல் ஆளையே கூட்டிக்கொண்டு வாறன்" என்றவர், சொன்னபடி கூட்டியும் வந்தார். முதல் பரிசு கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"உந்தக் கயிறு என்னத்துக்கெண்டு கேக்கிறா" என்றார் மாமா.

"அது அவையின்ரை ஊர் வேலியெல்லே. அவவுக்குத் தெரியாதே?"

மாமா அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெண்மணி மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். மாமாவின் மொழிபெயர்ப்பு ஒரே சொல்லில் முடிந்தது: "வடிவாம்."

பிறகு அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றுக்கடியால் குனிந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். பள்ளிக்கூடமே திரண்டது. ஜப்பான்காரர்கள்கூட விசிறியோடு ஓடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, நாளைக்கும் வந்து இருக்கச் சொல்லுங்கோ. நடுவர்மார் நாளைக்குத்தான் வருவினம்."

மாமா அதை மொழிபெயர்க்கவில்லை. அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் பரிசு ஜப்பானுக்குப் போனது. மாமாவோடு ஒரு மாதம் நான் கதைக்கவில்லை.

போன வருடம் அதே படம் கைத்தொலைபேசியில் வந்தது. அந்தச் சனங்களைக் கப்பலேற்றி, அமெரிக்காவில் ஒரு பொருட்காட்சிக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து வந்தவர்களுக்குக் காட்டினார்களாம். அன்று அந்தப் பெண்மணி உண்மையில் என்ன சொன்னார் என்று மாமாவைக் கேட்டேன்.

"அது தங்கடை மலைச் சனமாம். திரும்பி வராத ஆக்களும் இருக்கினமாம். கயித்துக்குள்ளை பிள்ளையளைத் தனிய விடக்கூடாது எண்டுதான் உள்ளை வந்தவா."

எனக்குத் துணையாக வந்திருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. இன்னும் கிட்ட வந்து பாருங்கோ என்று நான் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.